படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்யலாம்? 3, 4, 5ஆம் வகுப்புப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

நான்காம் வகுப்புப் பிள்ளை தமிழ்ப் பாடத்தை மளமளவென்று சொல்கிறது. அதே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்து, ‘இது என்ன சொல்?’ என்று கேட்டால் விழிக்கிறது. கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்ட பாடத்தைப் பிள்ளை ஒப்பிக்கிறதே தவிர, படிக்கவில்லை. நோட்டு முழுக்க அழகான கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி. ஆனால் அதில் பெரும்பகுதி கரும்பலகையைப் பார்த்து எழுதியது. அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. அது சரியான ஏற்பாடுதான். ஆனால் வகுப்பு ஏறுகிறது என்பதற்காகப் படிப்பும் ஏறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஆறாம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் பத்தி பத்தியாக வரும்போதுதான் பல வீடுகளில் விஷயம் தெரியவருகிறது. ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் சரிசெய்வது எளிது. அதற்குப் பெற்றோர் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல், உண்மையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் சொல்லப்போவது அதைத்தான்.

முதல் வேலை: எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

இதற்குக் கால் மணி நேரம் போதும். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005 முதல் ஊர் ஊராக நடத்திவரும் ‘அசர்’ கணக்கெடுப்பில் பிள்ளைகளுக்கு எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று நான்கு படிகள் வைத்துப் பார்க்கிறார்கள். அதே முறையை வீட்டிலும் பின்பற்றலாம்.

பிள்ளையும் நீங்களும் மட்டும் உட்காருங்கள். அண்ணன் அக்கா பக்கத்தில் இருந்தால் பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ‘பரீட்சை’ என்ற சொல்லே வேண்டாம். தப்பாகப் படித்தாலும் அந்த நேரத்தில் திருத்தாதீர்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். தனித்தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் எழுத்து. கீழ்க்கண்ட பத்தையும் பெரிதாக, இதே வரிசையில் எழுதிக் காட்டுங்கள்: ம, ற, ழ, தி, நூ, கெ, பே, லை, மொ, தோ. குறைந்தது எட்டு எழுத்து சரியாக வர வேண்டும். க, கா, கி, கீ என்று வரிசையாகக் கேட்பதில் பயனில்லை, வரிசை பாட்டாகவே வந்துவிடும்.

அடுத்து சொல்: படம், காகம், மீன், பூனை, கொக்கு, தேங்காய், வெள்ளம், ஞாயிறு, மகிழ்ச்சி, பள்ளிக்கூடம். இதிலும் எட்டு.

பிறகு பத்தி. பிள்ளை இதுவரை பார்த்திராததாக இருக்க வேண்டும். இதையே தாளில் எழுதிக் கொடுக்கலாம்: ‘மாலா காலையில் எழுந்தாள். வாளியில் தண்ணீர் எடுத்தாள். செடிகளுக்கு ஊற்றினாள். ரோஜாச் செடியில் ஒரு மொட்டு இருந்தது.’ மூன்று தப்புக்குமேல் போகாமல், சொல் சொல்லாக இழுக்காமல், வாக்கியமாகப் படித்தால் சரி. படித்ததும் ‘மொட்டு எதில் இருந்தது?’ என்று கேளுங்கள். படித்துவிட்டுப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றால், எழுத்தைக் கூட்டுவதிலேயே பிள்ளையின் கவனம் முழுதும் போய்விடுகிறது என்று பொருள்.

கடைசியாக, இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு கதை. புத்தகம் கைவசம் இல்லாவிட்டால் தெருவில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் வாங்கிக்கொள்ளுங்கள். படத்தைத் தாளால் மூடிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து ஊகித்தே கதை முழுவதையும் சொல்லிவிடும் கெட்டிக்காரப் பிள்ளைகள் உண்டு.

கணக்குக்கு இவ்வளவு போதும். 7, 19, 46, 80, 98, 305, 407 ஆகியவற்றை நீங்கள் வாயால் சொல்லப் பிள்ளை எண்ணில் எழுத வேண்டும். பிறகு 52 − 37. நான்கு, ஐந்தாம் வகுப்பு என்றால் 618 ÷ 6. சரியா தப்பா என்பதோடு விடாமல் எப்படித் தப்பானது என்று பாருங்கள்.

நானூற்று ஏழை 4007 என்று எழுதினால், காதில் விழுந்தபடி 400ஐயும் 7ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறது. இடமதிப்பு புரியவில்லை. தொண்ணூற்று எட்டு பல பிள்ளைகளுக்குத் தனித் தொல்லை. தொண்ணூறில் ‘நூறு’ கேட்பதால் 108 என்றோ 908 என்றோ எழுதும். 52 − 37க்கு 25 என்று விடை வந்தால், ‘பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி’ என்று பிடித்துக்கொண்டு 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. 618 ÷ 6க்கு 13 என்று வந்தால் நடுவில் பூச்சியம் விட்டுப்போயிருக்கிறது. இந்த நான்கு தப்புக்கும் மருந்து வேறு வேறு. ‘கணக்கே வராது’ என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் எதையும் சரிசெய்ய முடியாது.

பிள்ளை எந்தப் படியில் தடுமாறியதோ அதுதான் தொடங்க வேண்டிய இடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத்துப் படியில் நின்றால் எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பெற்றோருக்கு இது வலிக்கும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளையைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

எப்போது, எவ்வளவு நேரம்

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம்: பத்து நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் கணக்கு, ஐந்து நிமிடம் எழுத்து, ஐந்து நிமிடம் அன்று பள்ளியில் என்ன நடந்தது என்ற பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காரவைத்து மொத்தமாக முடிப்பது வேலைக்காகாது. இன்று படித்ததை நாளையும், மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் நினைவிலிருந்து எடுக்கவைத்தால்தான் மனத்தில் நிற்கும்.

பள்ளி விட்டு வந்ததும் ஏதாவது சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது விளையாடிவிட்டு உட்காருவது நல்லது. இரவு ஒன்பது மணிக்குக் கண் சொருகும்போது தொடங்கினால் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். தனி அறையும் மேசையும் இருக்க வேண்டும் என்பதில்லை. டிவி அணைந்திருக்க வேண்டும், உங்கள் போனும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அம்மா கையில் ரீல்ஸ் ஓடும்போது பிள்ளையைப் படி என்றால் அது படிக்காது.

வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குத்தான் வர முடியும் என்றால், சமைத்துக்கொண்டே பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். வாய்ப்பாட்டைத் தோசை வார்த்தபடியே கேட்கலாம். எழுத்து வேலையைக் காலையில் பத்து நிமிடத்தில் முடிக்கலாம்.

எழுத்துப் படியில் நிற்கும் பிள்ளைக்கு

247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். உயிர் 12, மெய் 18, அவற்றோடு சேரும் குறிகள். துணைக்காலும் கொம்பும் ஒருமுறை பிடிபட்டால் பதினெட்டு மெய்க்கும் அதுவேதான். அதனால் ககர வரிசை முழுவதும், பிறகு ஙகர வரிசை முழுவதும் என்று போகாதீர்கள். ஙகரத்தில் ‘ங்’ தவிர மற்றவை பிள்ளைக்குப் படிக்கவே வராது.

ட, ப, ம, க, த, ர, ல என்று ஏழு எழுத்தும் அவற்றின் மெய்யும் முதலில். உடனே படம், மரம், பல், கல், கடல், பகல் என்று சொல்லுக்குப் போய்விடலாம். பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு குறியாக, துணைக்கால், இகரம், ஈகாரம், கொம்புகள் என்று சேர்த்துக்கொண்டே போங்கள்.

தடுமாற்றம் வரும் இடங்கள் அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான்.

கெ, கே, கை ஆகியவற்றில் குறி முதலில் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கும் பிள்ளை கொம்பைப் பார்த்ததும் நின்றுவிடும். ‘கொம்பைப் பார்த்தால் அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பார்’ என்று விரலால் இரண்டையும் ஒன்றாக மூடிக் காட்டுங்கள்.

கொ, கோ இன்னும் சிக்கல். துணைக்காலை ‘ர’ என்று எண்ணி, ‘கொக்கு’ என்பதைக் ‘கெரக்கு’ என்று படிக்கும். எழுத்தின் இருபுறமும் இருப்பதைப் பென்சிலால் ஒரே வட்டத்துக்குள் அடைத்துக் காட்டினால் சில நாளில் சரியாகிவிடும்.

உகர வரிசைக்குத்தான் ஒரே குறி கிடையாது. மொத்தமாகச் சொல்லிக்கொடுக்காமல் மூன்று குடும்பமாகப் பிரியுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒன்று. சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, லு, று, ணு, னு மூன்றாவது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். உகரம் நன்றாகப் பதிந்த பிறகே ஊகாரம்.

இன்னொன்று, தாத்தா பாட்டி சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் லை, னை, ணா, றா, னா போன்றவற்றைப் பழைய வடிவத்தில் எழுதுவார்கள். பிள்ளைக்கு அது புரியாது. அச்சுப் புத்தகத்தைக் காட்டியே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அதுபோலவே ‘அனா, ஆவன்னா’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லும் பழக்கமும். சொல்லைக் கூட்டும்போது பெயர் குறுக்கே வரும். ‘ம’வைப் பார்த்தால் ‘ம’ என்ற ஒலி மட்டும் வர வேண்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, ஒன்றில் ஓர் எழுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பது அட்டை போதும். தரையில் பரப்பி, ‘மரம் செய்’, ‘இப்போது மரத்தை மாமரமாக்கு’ என்று விளையாட விடுங்கள். பத்து நிமிடத்துக்குமேல் இழுக்காதீர்கள்.

சொல்லிலிருந்து பத்திக்கு

எழுத்து தெரியும், ஆனால் ஒவ்வோர் எழுத்தாக இழுத்துப் படிக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் நிற்பது இந்த இடத்தில்தான். இவர்களுக்கு வேண்டியது வேகம். அது ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் வரும்.

நான்கைந்து வரிகொண்ட பத்தி ஒன்றை எடுங்கள். முதலில் நீங்கள் விரல் வைத்து, நிதானமாக, உயிரோடு படியுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு பிள்ளை மட்டும் மூன்று முறை. மறுநாள் அதே பத்தியை ஒருமுறை படித்துவிட்டுப் புதியது. நாலாம் நாள் பழைய மூன்றையும் கலந்து கொடுங்கள். மனப்பாடம் ஆகிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் கடைசி வாக்கியத்திலிருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள்.

நடுவில் நின்றுவிட்டால் மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். பல நேரம் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். இல்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போங்கள். ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்தினால் வாக்கியம் பிள்ளையின் நினைவிலிருந்து நழுவிவிடும். மூன்று தப்பைக் குறித்துவைத்துக் கடைசியில் அவற்றை மட்டும் பேசினால் போதும்.

தமிழில் நீண்ட வினைச்சொற்கள் பிள்ளையைத் திணறவைக்கும். ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்று பார்த்ததும் முதல் மூன்று எழுத்தைப் படித்துவிட்டு மீதியை ஊகிக்கும். பென்சிலால் கோடு போட்டுப் பிரியுங்கள்: படித்துக் / கொண்டு / இருந்தார்கள். ஒவ்வொரு துண்டாகப் படித்து, பிறகு சேர்த்துப் படிக்கட்டும். பத்துச் சொல் இப்படிப் பிரித்த பிறகு பிள்ளை தானாகவே கண்ணால் பிரிக்கத் தொடங்கிவிடும்.

படித்து முடித்ததும் கதையைச் சொல்லச் சொல்லுங்கள், வீட்டில் பேசும் தமிழிலேயே. ‘அந்த நரி வந்துச்சு, திராட்சய பாத்துச்சு’ என்றால் கதை புரிந்துவிட்டது. அந்த இடத்தில் ‘வந்துச்சு இல்லை, வந்தது’ என்று திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். எழுத்துத் தமிழை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கே படிக்கத் தெரியாதா? அப்போதும் முடியும். பிள்ளை படிக்கும்போது அதன் கண்ணைப் பாருங்கள். கண் தாளில் இல்லாமல் கூரையைப் பார்த்தால் ஒப்பிக்கிறது. ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன?’ என்று கேளுங்கள். ‘இதே சொல் இந்தப் பக்கத்தில் வேறெங்கே இருக்கிறது, காட்டு’ என்று கேளுங்கள். படித்ததைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கும் எழுத்தறிவு தேவையில்லை. பிள்ளை உங்களுக்கு ரேஷன் கடை அறிவிப்பையோ பேருந்தின் பெயர்ப்பலகையையோ மருந்து அட்டையையோ படித்துக் காட்டும்போது அதற்கு வரும் பெருமிதம் பெரிய உதவி.

பத்தி சரளமான பிறகு கதைப் புத்தகம் வேண்டும். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் வந்திருக்கின்றன. ஆசிரியரிடம் கேட்டால் வீட்டுக்குக் கொடுப்பார்களா என்று பாருங்கள். ஊரில் கிளை நூலகம் இருந்தால் பிள்ளையின் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்குங்கள்.

எழுத்துப் பிழை: பத்துமுறை எழுதச் சொல்வது ஏன் பலிப்பதில்லை

‘மகிழ்ச்சி’யைப் பத்துமுறை எழுது என்றால் பிள்ளை என்ன செய்கிறது என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் ‘ம’வைப் பத்து வரியிலும் மேலிருந்து கீழாக எழுதும். பிறகு ‘கி’யைப் பத்து வரியில். அப்புறம் ‘ழ்’. சொல் என்ற ஒன்று அதன் மனத்தில் ஒருமுறைகூட உருவாவதில்லை. கை வலிப்பதுதான் மிச்சம்.

அதற்குப் பதிலாகப் பார், மூடு, எழுது, சரிபார். சொல்லை நன்றாகப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தாளை மூட வேண்டும். நினைவிலிருந்து எழுத வேண்டும். திறந்து எழுத்தெழுத்தாகப் பிள்ளையே ஒப்பிட வேண்டும். தப்பானால் மறுபடி முதலிலிருந்து. இப்படி இரண்டுமுறை எழுதுவது, பார்த்துப் பத்துமுறை எழுதுவதைவிட நன்றாக நிற்கும்.

ல-ள-ழ, ர-ற, ந-ன-ண ஆகியவை காதால் மட்டும் பிடிபடாது. நம்மில் பலர் பேச்சில் இவற்றை வேறுபடுத்துவதில்லையே. பொருளோடு இணைத்து இரட்டையாகக் கொடுங்கள்: அரை – அறை, மனம் – மணம், வலி – வழி, கரி – கறி, பல்லி – பள்ளி. ஒவ்வொன்றுக்கும் பிள்ளை ஒரு படம் வரையட்டும். வாரத்துக்கு ஐந்து சொல் போதும், வெள்ளிக்கிழமை சொல்லி எழுதவையுங்கள்.

கணக்கு

தென்னை விளக்குமாற்றில் குச்சி எடுத்து விரல் நீளத்துக்கு நூறு துண்டு நறுக்குங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடுங்கள். இதைவிட நல்ல கணக்குக் கருவி கடையில் கிடையாது.

52 − 37ஐ இதில் செய்யுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ‘ஏழு உதிரியை எடு’ என்று சொல்லுங்கள். இரண்டுதானே இருக்கிறது என்று பிள்ளை திகைக்கும். அந்தத் திகைப்பு வர வேண்டும், அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். ஒரு கட்டை அவிழ்க்கலாம் என்பது பிள்ளைக்கே தோன்றும். அவிழ்த்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழை எடுத்தால் ஐந்து உதிரி, மூன்று கட்டை எடுத்தால் ஒரு கட்டு. 15. இதைச் செய்துகொண்டே தாளிலும் எழுதவையுங்கள்: 5ஐ அடித்து 4, 2க்கு மேல் 12. இரண்டு நாள் குச்சியோடு, இரண்டு நாள் குச்சியைப் படமாக வரைந்து, பிறகு தாளில் மட்டும். ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்ற மந்திரம் மட்டும் தெரிந்த பிள்ளை 402 − 137 வந்ததும் பக்கத்து வீடு பூச்சியமாக இருப்பதைக் கண்டு நின்றுவிடும். கட்டை அவிழ்த்துப் பழகிய பிள்ளை, நூற்றுக் கட்டு ஒன்றை அவிழ்த்துப் பத்துப் பத்தாகப் பிரிக்கலாம் என்று யோசிக்கும்.

4007 என்று எழுதும் பிள்ளைக்கு நூறு, பத்து, ஒன்று என மூன்று கட்டம் வரைந்து, 100, 10, 1 ரூபாயாக வையுங்கள். நானூற்று ஏழுக்குப் பத்து ரூபாய்க் கட்டம் காலி. காலிக் கட்டத்துக்கு எழுதுவதுதான் பூச்சியம்.

618 ÷ 6க்கு முன் ஊகம் கேளுங்கள். ‘600 ரூபாயை ஆறு பேர் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு?’ நூறு. அப்படியானால் விடை நூறுக்குமேல்தான் இருக்க வேண்டும், 13 எப்படி வரும்? எந்தக் கணக்குக்கும் விடையை முன்கூட்டி ஊகிக்கும் பழக்கம் வந்துவிட்டால், பாதித் தப்பைப் பிள்ளையே பிடித்துவிடும்.

வாய்ப்பாட்டை 2, 10, 5 என்று தொடங்குங்கள். பிறகு 3, 4. அதன்பின் 9, 6, 8, 7. 3 × 7உம் 7 × 3உம் ஒன்று என்பது தெரிந்துவிட்டால் சுமை பாதியாகிவிடும். 2 முதல் 9 வரையிலான வாய்ப்பாடுகளில் 2ஐயும் 5ஐயும் கழித்துவிட்டால், தனியாக மனத்தில் நிற்க வேண்டியவை வெறும் 21தான். அந்த 21ஐயும் அட்டையில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, தினமும் ஐந்தை எடுத்துக் கேளுங்கள். மூன்று நாள் தொடர்ந்து சட்டென்று சொன்ன அட்டை வெளியே போகலாம். கடைசிவரை டப்பாவில் கிடப்பவை பெரும்பாலும் 6 × 7, 6 × 8, 7 × 8, 8 × 9. ‘ஏழொன்று ஏழு’ என்று முதலிலிருந்து பாடி ஏழெட்டுக்கு வந்தால் அது இன்னும் பதியவில்லை என்று பொருள்.

வாக்கியக் கணக்கில் பிள்ளை தடுமாறினால் பாதி நேரம் சிக்கல் வாசிப்பில்தான். நீங்கள் படித்துக் காட்டுங்கள். அப்போது போட்டுவிட்டால் அதற்குக் கணக்கு வருகிறது, வாசிப்புதான் வரவில்லை. ‘என்ன தெரியும், என்ன கேட்கிறார்கள்’ என்று இரண்டையும் தன் சொல்லில் சொன்ன பிறகே பென்சிலை எடுக்கட்டும்.

ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளை

வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது என்று கைவிட வேண்டாம். அறிவியல் பாடத்தை முதலில் தமிழில் பேசுங்கள். செடிக்கு எதற்கு வெயில், தண்ணீர் எப்படி ஆவியாகிறது என்று தாய்மொழியில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்களை அதன்மேல் ஒட்டவைப்பது எளிது. பாடத்துக்கு ஐந்தாறு புதிய சொல், அவற்றுக்குத் தமிழில் பொருள், பிள்ளையே போடும் ஒரு சின்ன வாக்கியம். கேள்வி பதிலை அர்த்தம் தெரியாமல் உருப்போடவைப்பதுதான் பெரிய கேடு. கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் பிள்ளை எழுதாமல் வந்துவிடும்.

பள்ளியில் என்ன கேட்க வேண்டும்

‘நல்லாப் படிக்கிறானா சார்?’ என்று கேட்டால் ‘பரவாயில்லைங்க’ என்றுதான் பதில் வரும். நீங்கள் வீட்டில் பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள்: ‘டீச்சர், சொல் படிக்கிறாள், பத்தியில் நிற்கிறாள். கழித்தலில் கடன் வாங்குவது வரவில்லை. வகுப்பில் எப்படி?’ இப்படிக் கேட்கும் பெற்றோரிடம் ஆசிரியர் மனம்விட்டுப் பேசுவார். அரசுப் பள்ளிகளில் 2022இல் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு 4, 5க்கும் விரிவான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்துக் கற்பிக்கிறார்கள். உங்கள் பிள்ளை தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை, அடுத்த நிலைக்குப் போக என்ன வர வேண்டும் என்று கேளுங்கள். இரண்டிலும் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்பதில்லை.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர், ஆசிரியர் காலியிடம் போன்றவற்றைக் குழுவின் தீர்மானமாக எழுதிக் கொடுத்தால் அதற்கு எடை அதிகம். பள்ளியில் தீராத புகாருக்கு 14417 என்ற உதவி எண் இருக்கிறது.

வருகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் சொல்லும் வேலைநாள் ஆண்டுக்கு 200. விசேஷம், ஊர், சந்தை என்று வாரத்துக்கு ஒருநாள் நின்றால் 40 நாள் போய்விடும். கணக்கில் இது இன்னும் மோசம். பின்னம் தொடங்கும் வாரத்தில் இரண்டு நாள் போகாத பிள்ளைக்கு அந்தப் பாடம் முழுவதும் இருட்டு.

டியூஷன் அனுப்புகிறீர்கள் என்றால் மாதம் ஒருமுறை மேலே சொன்ன பரிசோதனையை வைத்துப் பாருங்கள். வீட்டுப்பாட நோட்டு தினமும் முடிந்துவருகிறது, வாசிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றால், அங்கே நடப்பது பார்த்து எழுதும் வேலை.

கண், காது, தூக்கம், காலைச் சாப்பாடு

புத்தகத்தைப் பார்த்துச் சரியாக எழுதும் பிள்ளை கரும்பலகையைப் பார்த்துத் தப்பும் தவறுமாக எழுதினால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, டிவிக்கு மிக அருகில் போவது, படித்தால் தலைவலி என்பது எல்லாம் அறிகுறி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசம். அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளைக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். ‘சொன்னது காதில் விழவில்லையா’ என்று திட்டும் முன் அது உண்மையாகவே விழவில்லையா என்று பாருங்கள்.

இந்த வயதில் 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். காலை ஆறரைக்கு எழ வேண்டுமானால் இரவு ஒன்பதரைக்குள் விளக்கை அணைத்தாக வேண்டும். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் நடக்கிறது. நேரத்தோடு அனுப்பினால் பிள்ளை சூடாகச் சாப்பிடும். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையை வேண்டாம் என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

அடியும் ஒப்பீடும்

பள்ளியில் பிள்ளையை அடிப்பதைச் சட்டம் தடை செய்கிறது. வீட்டில் நடப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அடிவாங்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்று பாருங்கள்: தப்பான பக்கத்தைக் கிழிக்கிறது, நோட்டைத் தொலைத்துவிட்டதாகச் சொல்கிறது, தெரியாததைத் தெரியும் என்கிறது. தெரியாதது என்ன என்று தெரியாவிட்டால் நீங்கள் எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள்? பயமில்லாத இடத்தில்தான் பிள்ளை தன் தப்பைக் காட்டும். ‘சித்தப்பா பையனைப் பார்’ என்ற பேச்சும் அதே வேலையைத்தான் செய்யும். ஒப்பிட வேண்டுமானால் போன மாதத்து இதே பிள்ளையோடு ஒப்பிடுங்கள். பாராட்டும்போது ‘வெரி குட்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘கொக்கு என்பதை இன்றைக்கு நிற்காமல் படித்தாய்’ என்று எது சரியானது என்பதைச் சொல்லுங்கள்.

நகரவே இல்லை என்றால்

நான்கு வாரத்துக்கு ஒருமுறை முதலில் செய்த பரிசோதனையை வேறு எழுத்து, வேறு சொல், வேறு பத்தி வைத்துச் செய்யுங்கள். அதே தாளில் தேதி போட்டுப் பக்கத்தில் குறியுங்கள். எழுத்திலிருந்து சொல்லுக்கு, சொல்லிலிருந்து பத்திக்கு என்று ஒரு படி ஏறினாலே நல்ல வேகம். இடையில் ஒரு வாரம் பின்வாங்கினால் பதற வேண்டாம், காய்ச்சலோ ஊர்ப்பயணமோ போதும் அதற்கு.

இரண்டரை மாதம் விடாமல் செய்தும் ஓர் எழுத்துகூட நிலைக்கவில்லை, நேற்று படித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது, வாய்மொழியாகக் கேட்டால் எல்லாம் சொல்கிறது ஆனால் தாளில் வரவில்லை என்றால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டாதீர்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. வகுப்பாசிரியரிடம் சொல்லி வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கக் கேளுங்கள். பிள்ளைகளின் குறைபாடுகளைப் பரிசோதித்து உதவ மாவட்ட அளவில் இயங்கும் இடையீட்டுச் சேவை மையத்துக்கு எப்படிப் போவது என்று அவர்கள் சொல்வார்கள். போகும்போது நீங்கள் தேதிபோட்டுக் குறித்த அந்தத் தாளையும், நீங்கள் சொல்லப் பிள்ளை எழுதிய இரண்டு மூன்று பக்கங்களையும் எடுத்துப்போங்கள். பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்பதை அவர்கள் அதிலிருந்தே பாதி புரிந்துகொள்வார்கள். சான்றிதழ் கிடைத்தால் பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளைக் கேட்க முடியும். ஆகவே பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் இப்போதே பார்த்துவிடுங்கள்.